இரண்டாவது சரணத்துடன் பாடவும்

முதலியார்பேட்டையில் போய் அம்மாவாசை வீடு எது என்று கேட்டால், எந்த அம்மாவாசை என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். ரெண்டாஞ்சரணம் அம்மாவாசை என்று சொல்லிப் பாருங்கள். டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு, "ஓ, அந்த ஆளா" என்று ஒரு பெருமூச்சு விடுவார். நீங்கள் விசாரித்தது ஒரு பாட்டுக் கச்சேரிக்காரரிடம் என்றால் பெருமூச்சோடு போகாது. கூடவே இரண்டு கெட்ட வார்த்தையும் வரும்.

இத்தனைக்கும் அம்மாவாசை யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்தவரில்லை. தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறையில் முப்பத்திரண்டு வருடம் இரும்பு கடைந்தவர். பகலெல்லாம் காது கிழியும் அந்தச் சத்தத்தில் நின்றுவிட்டு, சாயங்காலம் குளித்து, கழுத்துவரை பவுடர் பூசி, சட்டைப் பையில் ஒரு பேனாவும் கிழித்த நாள்காட்டித் தாள்கள் நாலைந்தும் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஊரில் எங்கே மேடை போட்டு மைக் கட்டினாலும் முன்வரிசையில் இடது ஓரம், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. அம்மன் கோயில் செடல் திருவிழா, உப்பளத்து மாதா கோயில் தேர், மாசி மகம், கல்யாண வரவேற்பு, மஞ்சள் நீராட்டு என்று எதையும் விடமாட்டார். பத்திரிகை வைத்தார்களா இல்லையா என்று பார்க்கிற பழக்கமெல்லாம் கிடையாது.

"பாட்டுச் சத்தம் ரோட்டு வரைக்கும் வருதில்ல? அப்ப ரோட்டுல போறவனையும் கூப்ட்டுட்டாங்கன்னுதான அர்த்தம்" என்பார். பந்தியில் மட்டும் உட்காரமாட்டார். அந்த மட்டில் மனுஷன் மானஸ்தர்.

நம் ஊர் மெல்லிசைக் கச்சேரியில் கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு போகும். வேண்டிய பாட்டை எழுதிக் கொடுத்தால் அறிவிப்பாளர் மைக்கில் படிப்பார், குழு பாடும். ஆனால் அந்தக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் ஒரு ரகசியம் உண்டு. எந்தப் பாட்டையும் முழுசாகப் பாடமாட்டார்கள். ஒரு பல்லவி, ஒரு சரணம், திரும்பவும் பல்லவி, ஒரு கும்பிடு. தீர்ந்தது. நடுவில் வார்டு பிரமுகருக்குப் பொன்னாடை போட வேண்டும், வழியை மறித்து நிற்கும் வெள்ளைக் காரை எடுக்கச் சொல்ல வேண்டும், இன்னும் இருபது சீட்டு காத்திருக்கும். இரண்டாவது சரணத்துக்கு எங்கே போவது? கேட்கிறவர்களுக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை. கவலைப்பட்டது ஊரிலேயே ஒரே ஒரு ஜீவன்தான்.

அவருடைய சீட்டில் எப்போதும் ஒரே பாட்டு. ஒரு பழைய படத்தில் படகில் போய்க்கொண்டே ஆணும் பெண்ணும் பாடுவது. படகுப் பாட்டு என்றால் ஊருக்கே புரியும். அதன் கீழே, முத்து முத்தான எழுத்தில், 'இரண்டாவது சரணத்துடன் பாடவும். கத்தரிக்க வேண்டாம். இப்படிக்கு, அம்மாவாசை, முதலியார்பேட்டை.'

தேனலை மெல்லிசைக் குழுவின் ஹரிகிருஷ்ணன் இந்தச் சீட்டை எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. அவர் பகலில் உப்பளம் பகுதியில் ஸ்கூட்டர் மெக்கானிக். சாயங்காலம் வெள்ளை ஷூ மாட்டி, தலைக்குச் சாயம் அடித்து, மேடையில் ஏறிவிட்டால் பாடகர், குழுத் தலைவர், எல்லாம். அம்மாவாசைக்கும் அவருக்கும் ஒரே வயது. ஒருவர் விடாக்கண்டன், மற்றவர் கொடாக்கண்டன்.

"நேரமில்ல, அடுத்த வாட்டி" என்பார் ஹரிகிருஷ்ணன்.

"காரு நம்பர் சொல்றதுக்கு நேரமிருக்குது, சரணத்துக்கு இல்லியா? எறங்குய்யா கீழ!" என்பார் அம்மாவாசை.

இந்தக் கூத்து தொடங்கியது அம்மாவாசையின் கல்யாணத்தில். தொண்ணூற்று நாலாம் வருடம், வரவேற்பில் தேனலைக் கச்சேரி. மாப்பிள்ளையும் பெண்ணும் சிம்மாசன நாற்காலியில் சிலை மாதிரி உட்கார்ந்திருக்க, ஹரிகிருஷ்ணன் படகுப் பாட்டை எடுத்தார். புதுப்பெண் கலைமகள் அதுவரை தலையை நிமிர்த்தவேயில்லை. பாட்டு தொடங்கியதும் நிமிர்ந்தாள். முதல் சரணம் முடிந்த இடத்தில் அவளுடைய தாய்மாமன் மேடையேறி, பாடகர் கழுத்தில் ஒரு துண்டைப் போட்டு, "இன்னாப்பா தூங்கி வழியுது, குத்துப் பாட்டு ஒண்ணு எடு" என்று மைக்கைப் பிடுங்கிவிட்டார். அத்தோடு படகு கவிழ்ந்தது.

"நல்லா இருந்துச்சி. ஏன் நிறுத்திட்டாங்க?" என்றாள் கலைமகள். அம்மாவாசையிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மாப்பிள்ளை முறுக்கு சும்மா இருக்குமா? "கவலப்படாத. இதே ஆள இதே ஊரு மேடையில நிக்க வெச்சி, முழுசா பாட வெக்கறேன். ரெண்டு பேரும் ஒக்காந்து கேக்கறோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். முப்பது வருடம் ஓடியும் நிறைவேற்ற முடியாத வாக்கு. மூன்று அறை வீடு கட்டிவிட்டார், மகள் மேனகாவைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார். ஒரு சரணத்தை மட்டும் பாடவைக்க முடியவில்லை.

இதில் இன்னொரு கிறுக்கும் உண்டு. அது கலைமகளைத் தவிர யாருக்கும் தெரியாது. படகுப் பாட்டு ரேடியோவில் வந்தால் அம்மாவாசை எழுந்து வெளியே போய்விடுவார். டீக்கடையில் வந்தால் பாதி டீயை வைத்துவிட்டு நடந்துவிடுவார். செல்போனில் தட்டினால் அடுத்த நிமிஷம் கேட்கலாம், தட்டமாட்டார். வாக்குக் கொடுத்தது மேடையில் கேட்பதாகத்தானே, திருட்டுத்தனமாகக் கேட்டால் அது என்ன வாக்கு என்பது அவர் கட்சி. அதனால் முப்பது வருடமாக எந்தச் சரணத்துக்காக ஊரையே பாடாய்ப் படுத்தினாரோ, அதில் ஒரு வார்த்தைகூட அவருக்குத் தெரியாது.

கலைமகளுக்கோ தலைகீழ்ப் பாடம். அடுப்படி ரேடியோவில் நூறு தடவை கேட்டவள். புருஷன்மேல் கோபம் வந்தால் சண்டை போடமாட்டாள். இரண்டாவது சரணத்தை முணுமுணுக்கத் தொடங்குவாள். "வாணாம்டி! நிறுத்துடி!" என்று காதைப் பொத்திக்கொண்டு மனுஷன் தெருவுக்கு ஓடுவார். அக்கம்பக்கத்தில், அந்தம்மா எவ்வளவு கெட்ட வார்த்தை பேசினால் அவர் இப்படி ஓடுவார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவருடைய கச்சேரிப் பசி பிரெஞ்சுக்காரர்கள் பகுதியான ஒயிட் டவுனையும் விட்டுவைக்கவில்லை. வருஷா வருஷம் ஜூன் மாதம் அங்கே தெருவுக்குத் தெரு இசைத் திருநாள் நடக்கும். ஒரு வருடம் நாலு பிரெஞ்சு இளைஞர்கள் கிடாரை அறைந்து தூள் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அம்மாவாசை அரைமணி நேரம் நின்று கேட்டார், தலையாட்டினார், பழக்க தோஷத்தில் ஒரு சீட்டு எழுதி நீட்டினார். அந்தப் பையன் இரண்டு கையாலும் வாங்கி, "மெர்சி, முசியே" என்று நன்றி சொல்லி நெஞ்சில் கைவைத்துக் குனிந்து, சீட்டைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டான். பாடவில்லை.

"பாடாட்டி போறான். மரியாதயா வாங்கனான் பாரு. நீ ஒரு நாளாவது அப்படி வாங்கியிருப்பியா?" என்று மறுநாள் மெக்கானிக் கடைக்கே போய் ஹரிகிருஷ்ணனிடம் கேட்டார்.

"அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுய்யா. எனக்குத் தெரியுதே, அதான் என் தலயெழுத்து."

கொரோனா வந்து இரண்டு வருடம் மேடையே இல்லாமல் போனபோது ஊரில் நிறைய பேர் நிறையக் கஷ்டப்பட்டார்கள். ஹரிகிருஷ்ணன் கீபோர்டுக்குப் பழைய வேட்டியைப் போர்த்தி மூடிவிட்டு, ஸ்பானரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொண்டை துருப்பிடித்துவிட்டது, இனிமேல் மேடையில்லை என்று முடிவே கட்டிவிட்டார். ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்தால், கதவடியில் செருகிய ஒரு நாள்காட்டித் தாள். இரண்டாவது சரணத்துடன் பாடவும். அடுத்த ஞாயிறும் ஒன்று. அதற்கடுத்த ஞாயிறும். ஆளைக் காணோம், சீட்டு மட்டும் வரும். ஹரிகிருஷ்ணன் திட்டிக்கொண்டே கீபோர்டுமேல் கிடந்த வேட்டியை எடுத்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பட்டறை வேலை போன வருடம் முடிந்தது. மேனகாவுக்கு ஓசூரில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. அவளும் அவள் வீட்டுக்காரரும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள். "அம்மா மட்டும் வந்தா பத்தாதுப்பா, ஆளுக்கொண்ணு தூக்கணும், நீயும் வந்துடு" என்றாள். மறுத்துப் பேச என்ன இருக்கிறது? முதலியார்பேட்டை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஆடி முடிந்ததும் கிளம்புவதாக ஏற்பாடு. அம்மாவாசை கேட்டது ஒன்றே ஒன்று. "செடல் கச்சேரிய பாத்துட்டு வரேம்மா."

அதுதான் கடைசிக் கச்சேரி. அன்றைக்காவது இரண்டாவது சரணம் வந்தாக வேண்டும். வராவிட்டால் கலைமகளுக்குக் கொடுத்த வாக்கு அம்போ. புதுச் சட்டை போட்டுக்கொண்டு, சாயங்காலம் ஆறு மணிக்கே போய் நாற்காலியைப் பிடித்துவிட்டார். கலைமகள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள்.

ஏழு மணிக்கு அறிவிப்பாளர் அன்பழகன் மைக்கைப் பிடித்தார். அன்பழகனுக்கு வாயைத் திறந்தால் செந்தமிழ்தான் வரும், நிறுத்தத்தான் தெரியாது. "முப்பதாண்டுகளாக நம் முன்வரிசையை அலங்கரித்த பெருமகன், இசைப் பித்தர், இன்று நம்மையெல்லாம் ஆறாத் துயரில் ஆழ்த்திவிட்டுப் பிரிந்து செல்லும் அம்மாவாசை அவர்கள்..."

"அடப் பாவமே, எப்பய்யா செத்தான்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, அம்மாவாசை எழுந்து திரும்பி நின்று, "ஓசூருக்குப் போறேன் தாயே!" என்று கும்பிட்டார். கூட்டம் சிரித்தது.

பொன்னாடை போட்டார்கள். ஹரிகிருஷ்ணன் மைக்கை வாங்கினார். வழக்கமான நக்கல் முகத்தில் இல்லை.

"இன்னிக்கி ஒரு உண்மய ஒத்துக்கறேன். எனக்கு ரெண்டாவது சரணம் தெரியாது. எங்க பாட்டு நோட்டுல எல்லாப் பாட்டுக்கும் ஒரு சரணந்தான் எழுதி வெச்சிருக்கோம். எங்க வாத்தியாரு காலத்துலேந்து அப்படித்தான். நேரமில்லன்னு நான் சொன்னதெல்லாம் பொய். இந்த ஊர்ல அந்தச் சரணம் தெரிஞ்சவன் இந்த ஒரு ஆளுதான். அதனால இன்னிக்கி, படகுப் பாட்ட முழுசா, இவனே பாடுவான்."

விசில் பறந்தது. நாலு பேர் தூக்காத குறையாக அம்மாவாசையை மேடையில் ஏற்றினார்கள். கையில் மைக்கைத் திணித்தார்கள். லேத் பட்டறையில் விரல் போகாமல் முப்பத்திரண்டு வருடம் தப்பித்த மனுஷன், மைக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பல்லவி நன்றாகவே போனது. ஸ்ருதியெல்லாம் பிசகவில்லை. முதல் சரணமும் தேறிவிட்டது. கூட்டத்தில் சிலர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். பல்லவி திரும்ப வந்தது. முடிந்தது. தபேலாக்காரர் இனி என்ன என்று கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தார்.

அம்மாவாசை கலைமகளைப் பார்த்தார். ஒரே ஒரு வரி, வாயசைத்துக் காட்டினால் போதும், பிடித்துக்கொள்வார். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லிக்கொடுக்க வந்தபோதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு ஓடினாயே, இப்போது நில் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

வேறு வழியில்லாமல் அம்மாவாசை முதல் சரணத்தையே மறுபடி எடுத்தார். இரண்டு வரி தாண்டுவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். "யோவ், இது மொத சரணம்யா!"

பாட்டு நின்றது. கீபோர்டு நின்றது. தபேலா கடைசியாக நின்றது. மானம் அந்தப் படகிலேயே ஏறிவிட்டது.

"எனக்குந் தெரியாதுப்பா" என்றார் அம்மாவாசை மைக்கில்.

அவர் சொன்னார், கல்யாணத்தன்று பாதியில் நின்றதை, கலைமகளுக்குக் கொடுத்த வாக்கை, ரேடியோவைக் கண்டு ஓடியதை. "கேட்டா இங்க கேக்கணும். இவன் வாயால, நேர்ல கேக்கணும். காரு நம்பர் சொல்லிக்கினு, ஸ்பீக்கர் கீச்சுன்னு கத்திக்கினு, அப்படி கேட்டாத்தான் எனக்குப் பாட்டு. ஓசூர்ல இதெல்லாம் எனக்கு யார் குடுப்பா? எனக்குப் போவவே புடிக்கல. புள்ளங்களுக்காவ போறேன்." மூக்கைப் பொன்னாடையிலேயே துடைத்துக்கொண்டார்.

ஹரிகிருஷ்ணன் ஸ்பீக்கர் பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்தார். முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "அடப்பாவி! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கததான? ஒனக்கு எல்லாம் தெரியும்னு பயந்து, அந்தப் பாட்டு வந்தாலே எனக்கு ஷூவுக்குள்ள வேர்க்கும்டா!" கூட்டம் அதிர்ந்து சிரித்தது. செடலுக்கு அலகு குத்தியிருந்தவர்கள்கூட வாயைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள்.

அவர் எழுந்து வந்து அம்மாவாசையின் தோளைப் பிடித்துக்கொண்டார். மைக் அணைக்கப்படவில்லை, எல்லாருக்கும் கேட்டது. "மேடை இல்லாத காலத்துல நீ சீட்டு போடாம இருந்திருந்தா நான் பாட்ட விட்டிருப்பேன்டா. மாசி மகத்துக்குக் கத்துக்கினு பாடறேன். போன்ல காட்றேன். ஆனா அதுவரைக்கும் நீ எங்கியும் கேட்டுடக் கூடாது. சத்தியம்?"

"சத்தியம்."

ஓசூரில் மூன்றாவது மாடி. பிள்ளைகள் இரண்டும் தங்கமாக வளர்ந்தன, அதில் குறையில்லை. கச்சேரிதான் இல்லை. ஒருநாள் கீழே யாருக்கோ பிறந்தநாள், பெட்டி வைத்து ஒரு இளைஞன் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். அம்மாவாசை ஆசையாகப் போய், சீட்டை யாரிடம் கொடுப்பது என்று கேட்டார். "ப்ளூடூத் பண்ணிடுங்க அங்கிள்" என்றான் அவன். மாடிக்கு வந்து, ஒரு பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் நின்று அழுதார். கலைமகள் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் எந்தக் கோபத்திலும் அந்தச் சரணத்தை முணுமுணுக்கவில்லை.

மாசி மகம் வந்தது. காலையிலேயே சீட்டை எழுதிப் படம் பிடித்து அன்பழகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்று. சாயங்காலம் போன் அடித்தது. திரையில் வைத்திக்குப்பம் கடற்கரை, சீரியல் விளக்கு, ஜனக்கூட்டம், நடுவில் வெள்ளை ஷூ. அன்பழகன் சீட்டைப் படித்ததும் கூட்டம் ஓவென்று கத்தியது.

கலைமகள் பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணத்தன்று உட்கார்ந்த மாதிரியே, இவர் வலது பக்கம், அவள் இடது பக்கம். மடியில் ஆளுக்கொரு பிள்ளை.

பல்லவி வந்தது. முதல் சரணம் வந்தது. திரும்பப் பல்லவி. ஹரிகிருஷ்ணன் கும்பிடவில்லை. கீபோர்டில் புல்லாங்குழல் தொடங்கியது. அம்மாவாசை வாழ்நாளில் கேட்டிராத பிஜிஎம். மேலே போய், ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கியது. கலைமகளின் ஈரக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தக் குழல் வந்து முடிகிற இடத்தில் ஹரிகிருஷ்ணன் மைக்கை வாயருகே தூக்கினார், மூச்சை இழுத்தார், நேராகப் போனைப் பார்த்தார்.

மைக்கை இறக்கினார்.

"கத்துக்கினேன். முழுசா கத்துக்கினேன். வேணும்னா நேர்ல வாய்யா" என்றார். "அடுத்த பாட்டு!"

"டேய்! பொறம்போக்கு!" என்று அம்மாவாசை போட்ட சத்தத்தில் மடியிலிருந்த பிள்ளை திடுக்கிட்டு அழுதது. "பாருடி! மறுபடியும் கத்தரிச்சிட்டான்டி அந்த நாயி!"

கலைமகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சிரிப்பில் வந்த கண்ணீரா என்று அவளுக்கே தெரியவில்லை. "சித்திரையில மேனகாவுக்கு நாலு நாள் லீவு இருக்குது. பஸ்ஸும் தெனம் இருக்குது" என்றாள்.

அம்மாவாசை எழுந்து போய் நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்தார். மறுநாள் விடியும்வரைகூடப் பொறுக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரில் தாளை அழுத்தி, நிதானமாக எழுதினார்.

'படகுப் பாட்டு. இரண்டாவது சரணத்துடன் பாடவும். நேரில் வருகிறேன். இப்படிக்கு, அம்மாவாசை, முதலியார்பேட்டை.'